துரைக்கு வைத்த விருந்து

அக்கா,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். மிளகுப் பொட்டலம் கிழியும் என்றும் நேற்றே சொன்னேன். மளிகைக்கடைக்காரர் அதை மடித்துக் கொடுத்தபோதே, "இது வீடு போய்ச் சேராது" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வீடு போய்ச் சேர்ந்துவிட்டதுதான். ஆனால் இன்று காலை அடுப்படியில் கிழிந்து தரையெல்லாம் கொட்டியது.

"சொன்னேன் சொன்னேன்னு நின்னுக்கினு இருக்கிறீங்களே, ஒக்காந்து அள்ளுங்க" என்று உன் தம்பி பெண்டாட்டி கத்தினாள்.

உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன். அள்ளிய கையை விரித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு எழுந்திருக்க வரவில்லை.

துரை போடுவதை நீ மிளகு என்றுதான் சொல்வாய். ஊரில் மற்றவர்கள் மழை பெய்ததைச் சொல்வது போல நீ போனில் சொல்வாய்: "இன்னிக்கு தொரை ரெண்டு கை மிளகு போட்டுட்டாருடா." முயல் புழுக்கை போட்டதைக் கேட்டு சந்தோஷப்பட உலகத்தில் உனக்கு ஒரு தம்பிதான் இருந்தான். நானும் "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்பேன். மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

துரை விஷயத்திலும் நான் முன்னாலேயே சொன்னவன்தான். செல்வி சென்னை ஹாஸ்டலில் வைத்துக்கொள்ள முடியாமல் அந்த வெள்ளை முயலைத் திண்டிவனத்தில் உன்னிடம் கொண்டுவந்து விட்டாள் அல்லவா, அன்றைக்கே சொன்னேன்: "அக்கா, உன் பொண்ணு உன் தலையில கட்டிட்டுப் போறா. இது நிலைக்காது. கடைசியில பழி என் தலையிலதான் விழும், பாத்துக்கினே இரு."

"வாய வச்சிக்கினு சும்மா இருடா. நீ சொன்னது எதுடா நடந்திருக்கு இதுவரைக்கும்?" என்றாய்.

நடந்தது அக்கா. துரை நிலைக்கவில்லை. ஆனால் பழி என் தலையில் விழவில்லை. ஒரு சொட்டுகூட விழவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். நீ போன பிறகு எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தபோது என்னால் முடியாமல் போனது.

மாமா போன பிறகு அந்த வீட்டில் நீ பேசவே ஆள் இல்லாமல் இருந்தாய். துரை வந்ததும் உன் குரலே மாறிவிட்டது. மெத்தப் படித்தவர்களுக்குக்கூட முயலைப் பற்றித் தெரியாததெல்லாம் செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். ஒருமுறை நான் வந்தபோது துரையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னக்கா, ரேடியோ கேக்கறியா?"

"சிரிக்காத. இதோட வயிறு நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டு மாதிரிடா. உள்ள வந்துக்கினே இருக்கணும், வெளிய போய்க்கினே இருக்கணும். ஒரு வண்டி மக்கர் பண்ணி நின்னா, பின்னால இருக்கிறது அத்தனையும் நின்னுபூடும். வாந்தி எடுக்கக்கூட வராது இதுக்கு. பாவம், வாயில்லாத சீவன்."

நான் அதைக் கேட்டேன். தலையையும் ஆட்டினேன். கேட்டதும் ஆட்டியதும் உண்மை. காதுக்குள் போனதா என்று மட்டும் கேட்காதே.

உனக்குக் கண்ணில் புரை எடுக்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டி வந்தது. செல்வி சென்னையிலிருந்து ரயிலில் விழுப்புரம் வந்தாள். நீ திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில், காய்கறிக் கூடைக்குள் துரையை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்கு வந்தாய். கூடவே அந்தக் கம்பிக் கூண்டு. அதற்குள் விரிக்க உன் வீட்டுச் செய்தித்தாளையே மடித்துக் கொண்டுவந்திருந்தாய். நீயே விரித்தாய். அதில் ஒரு பக்கம் முழுக்கப் பட்டுப்புடவை விளம்பரம். நெற்றிச்சுட்டி வைத்த ஒரு கல்யாணப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாருடா, மாப்ளைக்குப் பொண்ணு ரெடி" என்று நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம்.

பிறகு நீ சிரிப்பை நிறுத்தி, விரலை நீட்டி, எனக்குப் பாடம் சொன்னாய்.

"பில்லுதான்டா. பில்லும் தண்ணியும். இந்தப் பையில அருகம்பில்லு இருக்குது, தீந்தா புதுசா அறுத்து வையி. அரிசி, பிஸ்கட்டு, பழம், ஒண்ணும் குடுக்காத. காலையில எழுந்ததும் மொதல்ல கூண்டுக்கு அடியில பாரு. மிளகு இருக்குதா, பெருசா இருக்குதா, ஈரமா இருக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் பல்லு வெளக்கு."

"அக்கா, வானூர்ல முந்நூறு ஆட்டைக் கட்டி மேய்ச்சவன் நான். ஒரு மொசலைப் பாத்துக்க மாட்டேனா?" என்றேன்.

வானூர் ஆட்டுப் பண்ணையில் நான் மேற்பார்வையாளராக இருந்தது ஊரறிந்த விஷயம். முந்நூறு ஆடு. நூறு என்று வைத்துக்கொள். தழைக்கட்டு இறக்கும் வேலைதான் என்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லுவாள். ஆனால் தழை இறக்குகிறவனுக்குத்தானே ஆட்டின் பசி தெரியும்?

நீயும் செல்வியும் கண்டமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினீர்கள். வீட்டுக்கு வந்து கூண்டைப் பார்த்தேன். துரை மூக்கை ஆட்டிக்கொண்டு புல்லை மென்றுகொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா வளர்க்கிற பிள்ளை. முதன்முதலாகத் தாய்மாமன் வீட்டுக்கு வந்திருக்கிறான். வந்த பிள்ளைக்கு வெறும் புல்லா? செல்வி சின்னப் பிள்ளையாக லீவுக்கு வந்தபோதெல்லாம் நான் எப்படி அனுப்பினேன்? வயிறு முட்ட, கை நிறைய, பை நிறைய. மாமன் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அரை வயிற்றோடு போனான் என்று நம் வம்சத்தில் ஒருவர் சொன்னது உண்டா?

கேப்பை அடை செய்யச் சொன்னேன். வெல்லம் தூக்கலாகப் போட்டு, சுடச்சுட. வறுத்த மல்லாட்டையை உடைத்து, வேர்க்கடலைப் பருப்பை மட்டும் தோல் நீக்கி வைத்தேன். அவல், பொரி, பொட்டுக்கடலை, ஒரு கற்பூர வாழைப்பழம். துரை முதலில் முகர்ந்து பார்த்தான். பிறகு பழத்தைத் தின்ற வேகம் இருக்கிறதே! அடையைக் கடித்தான். பொரியைக் கடித்தான். உன் தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி பில்லுதானே குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க?"

"ஒங்க அண்ணிக்கு என்னடி தெரியும்? பில்லையே தின்னுக்கினு இருந்த வாயி, எப்படி ருசி கண்டுச்சு பாரு. மாமன் வீட்டை இவன் மறப்பானா இனிமே?"

அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். நல்ல மாமன் தூங்குகிற தூக்கம்.

மறுநாள் காலை ஒரு கை மிளகு அள்ளிக் கொட்டினேன். இது எல்லோருக்கும் தெரியும். நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் துரை ஒரு மாதிரி ஆனான். மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தான். புல்லை நீட்டினால் முகத்தைத் திருப்பினான். கூப்பிட்டால் காதை அசைக்கவில்லை. அவ்வப்போது பல்லை நறநறவென்று கடித்தான். குளிரில் கடிக்கிறான் என்று ஒரு சாக்குப் பையை மேலே போர்த்தினேன். அது வலியில் கடிப்பது என்று எனக்கு அப்போது தெரியாது.

உன் தம்பி பெண்டாட்டி, "டாக்டர்கிட்ட தூக்கிக்கினு போலாமா?" என்றாள்.

"இதுக்கெல்லாமா டாக்டரு? நேத்து விருந்து சாப்ட்ட வயிறு. மந்தம். செல்விக்கு சின்ன வயசுல மந்தம் வந்தா என்ன பண்ணோம்? ஒருநாள் பட்டினி போட்டோம். மறுநாள் குதிச்சிக்கினு ஓடுனா இல்ல?"

அக்கா, நம் வீட்டில் யார் வயிறு கெட்டாலும் முதல் மருந்து பட்டினிதானே. அம்மா நமக்குச் செய்தது, நாம் பிள்ளைகளுக்குச் செய்தது. நான் துரைக்கும் அதையே செய்தேன். கூண்டிலிருந்த புல்லையெல்லாம் எடுத்து வெளியே போட்டேன். ஓமம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சங்கில் எடுத்து வாயோரத்தில் விட்டேன். பாதி வழிந்தது. பட்டினி போட்டால் வயிறு ஓய்வெடுக்கும் என்று நினைத்தேன். நின்றுபோன பஸ் ஸ்டாண்டுக்கு நானே வாசலில் கதவையும் சாத்தினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் பண்ணினாய். ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது என்றாய். வலிக்கவில்லை, எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றாய். பிறகு உடனே கேட்டாய்.

"தொரை எப்படிடா இருக்கிறான்?"

"அவனுக்கென்ன, மாமன் வீட்ல ராசா மாதிரி."

"மிளகு போட்டானா?"

"காலையிலயே ஒரு கை அள்ளுனேன்க்கா."

"ஈரமா இல்லியே? நல்லா உருண்டையா?"

"உருண்டைன்னா உருண்டை. கொழம்புல போடலாம்."

நீ சிரித்தாய். "ச்சீ, நாத்தம் புடிச்சவனே" என்றாய். "பேப்பர் மாத்துனியா?" என்றாய். மாத்திட்டேன் என்றேன். "அப்ப சரி, நான் நிம்மதியா தூங்குவேன்" என்று வைத்துவிட்டாய்.

மறுநாள் உச்சி வெயிலில் நீ வந்து இறங்கினாய். பெரிய கறுப்புக் கண்ணாடி. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அழவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன் கூண்டுக்குப் போனாய். சாக்கை விலக்கினாய். துரை வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு கிடந்தான். காதைத் தொட்டாய். "சில்லுனு இருக்குதே" என்றாய். குனியக் கூடாது என்று செல்வி கத்தக் கத்தக் குனிந்து அவனை எடுத்தாய். உன் முந்தானையில் சுற்றினாய். நான் ஆட்டோவுக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் ரயில்வே கேட்டையே தாண்டிவிட்டேன் என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். தெருமுனையில்தான் ஆட்டோ நின்றிருந்தது.

கால்நடை மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா எருமைக் கன்று ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துரையைக் கண்டதும் அதை விட்டுவிட்டு வந்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சத்தமே இல்லம்மா. உள்ள மாவு பெசஞ்சு வச்ச மாதிரி கெட்டியா இருக்கு. எப்பலேர்ந்து சாப்பிடல?"

"நேத்து காலையிலேர்ந்து" என்றேன் நான்.

"கடைசியா எப்ப புழுக்கை போட்டுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "நேத்து காலையில ஒரு கை போட்டிருக்கான் டாக்டரம்மா. நல்லா உருண்டையா."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அப்படி நல்லா போட்டிருந்தா அதுக்குள்ள இவ்ளோ மோசமாகாதேம்மா. நிச்சயமா தெரியுமா?"

"என் தம்பி அவன் கையால அள்ளியிருக்கான்" என்றாய்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன்.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அடை, வெல்லம், பழம், எல்லாம் சொன்னேன். பட்டினி போட்டதையும் ஓமத்தண்ணியையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார். "மனுசங்களுக்குப் பட்டினி மருந்து. முயலுக்கு அதுதாங்க வெஷம். அது சாப்பிடாம நின்னாலே வயிறு நின்னுபோச்சுன்னு அர்த்தம். பாதி நாளுகூட காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கினு வரணும். சில நேரம் திடீர்னு வயிறு மேளம் மாதிரி உப்பிக்கும், அது இன்னும் அவசரம். அப்ப வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. வீட்டு வைத்தியமே வேணாம். கதகதப்பா துணியில சுத்தி எடுத்துக்கினு ஓடி வந்துடுங்க. நேத்து சாயங்காலம் வந்திருந்தாக்கூட..." அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை இருக்கிறது.

வலிக்கு ஊசி போட்டார். தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார். கொஞ்ச நேரம் சூடாக வைத்துப் பார்ப்போம் என்றார். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் நீ துரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாய். நான் இந்தமுறை ரேடியோ என்று கேட்கவில்லை. துரை ஒருமுறை காலை உதறினான். அவ்வளவுதான்.

"அழாதக்கா. கண்ணு போயிடும்" என்றேன்.

"அழல. நீ அழுதுக்கினு இருக்கிற, மூக்கத் தொடை" என்றாய்.

நீ அழவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கை மட்டும் அந்த வெள்ளை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது, நிற்க மறந்ததைப் போல.

அதற்குப் பிறகு சொந்தபந்தம் எல்லாம் கேட்டார்கள். கோலியனூர் சித்தி என் முகத்துக்கு நேராகவே, "மொசலை வாங்கி வச்சிக்கினு சாவடிச்சிட்டான்" என்றாள். நீதான் குறுக்கே விழுந்தாய். "அவனைச் சொல்லாத சித்தி. அவன் காலையில கையால அள்ளியிருக்கான். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்குது. திடீர்னு வந்துடுச்சு, யாரு என்ன பண்ண முடியும்?" நீ சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகு, பதினாறாம் நாள் பந்தியில்கூட ஒருவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எங்கள் எதிர்வீட்டு ரயில்வேக்காரர் சாயங்காலம் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் வீட்டு முயல் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று. போய்ப் பார்த்தேன். முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருந்தது. கூண்டுக்கு அடியில் பார்த்தேன். காலியாக இருந்தது.

"காலையிலேர்ந்தா? ஏன்யா டாக்டர்கிட்ட போவல?" என்று கத்தினேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, நல்லா இருக்கிறப்பவே திடீர்னு வரும், நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு. அதான் தானா சரியாவுதான்னு பாத்துக்கினு இருந்தோம்."

அவர் வண்டியில் பின்னால் முயலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நானே போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பிழைத்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர்கள் என்னை முயல் டாக்டர் என்கிறார்கள். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்து நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். இந்தமுறை அந்தப் பேரைக் கேட்டால் கூசுகிறது. என் கதையை நம்பித்தான் அவர்கள் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன் அக்கா. மறுநாள் காலை நான் கூண்டுக்கு அடியில் பார்த்தேன். அது மட்டும் உண்மை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "பாருடி, சுத்தக்கார மருமகன், மாமன் வீட்டை அசிங்கம் பண்ணல" என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் பெருமையாகக் காட்டினேன். சாயங்காலம் நீ கேட்டபோது, ஒன்றும் போடவில்லை என்று சொன்னால் திட்டுவாயே, கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவளுக்குக் கவலை எதற்கு என்று இரண்டும் சேர்ந்து வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால், திட்டுதான்.

நீ ஊருக்குக் கிளம்பும்போது காலிக் கூண்டைத் துடைத்தாய். அடியிலிருந்த பேப்பரை உருவினாய். நான் மாற்றிவிட்டதாகச் சொன்ன பேப்பர். அந்தப் பட்டுப்புடவைக்காரி, நீ விரித்துவிட்டுப் போன அதே பெண், நெற்றிச்சுட்டியோடு பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கறை இல்லை. நீ அதைப் பார்த்தாய். ஒரு கண்ணால்தான் பார்த்தாய், ஆனால் நன்றாகப் பார்த்தாய். பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. பேப்பரை நான்காக மடித்து உன் கூடைக்குள் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகுதான் நீ கோலியனூர் சித்தியிடம் அப்படிச் சொன்னாய். தெரிந்துதான் சொன்னாய்.

எதிர்வீட்டுக்கு இன்று போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். திடீரென்று வரவில்லை, காலையிலேயே தெரிந்தது, பார்த்தவன் நான் என்று சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. துரை என் வீட்டில் விருந்து தின்ற பிறகு ஒரு மிளகுகூடப் போடவில்லை, அக்கா. அந்த ஒரு கையை நான் அள்ளவே இல்லை.